மச்சான் போட்ட சாம்பல் தரை

786
காத்தான்குடி
12-8-1943

அன்பு மகன் முத்தலிபுக்கு வாப்பா ஸலாம் சொல்லி எழுதுகிறேன். அல்லாஹ்வின் கிருபையால் உம்மாவும் தங்கச்சியும் நானும் சுகமாக இருக்கிறோம், கொழும்பில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம். மகன், இது யாருடைய கையெழுத்து என்று யோசிப்பாய். என்னுடையதுதான். தங்கச்சி கைறுன்னிஸா முற்றத்து மணலில் எழுதிக் காட்டக் காட்டப் படித்துக்கொண்டேன், மெதுவாகத்தான் வருகிறது, ஆனால் வருகிறது. இதுவரை உனக்கு வந்த கடிதமெல்லாம் உன் மாமா அசனார் எழுதியவை. அவரைப் பற்றி அவர் கையாலேயே எப்படி எழுதச் சொல்வது? இனி அந்தக் கவலை இல்லை, மனத்தில் உள்ளதையெல்லாம் எழுதுவேன்.

தங்கச்சிக்குச் சீதனமாகக் கட்டும் வீட்டுக்குச் சுவர் எழும்பி ஓடும் போட்டாயிற்று, தரைக்குத்தான் சீமெந்து இல்லை. யுத்தத்தால் எல்லாம் பட்டாளத்துக்கே போகிறது. வெறும் சுண்ணாம்புச் சாந்து நம்முடைய ஈரமணலில் இளகிப்போகும். தரை இல்லாமல் மாப்பிள்ளை வீட்டாருக்கு வீட்டைக் காட்ட முடியாது, காட்டாமல் அவர்கள் நாள் சொல்ல மாட்டார்கள். இந்த நேரத்தில்தான் உன் மாமா, நெல் வாங்கி விற்கிற மனிதர், களுவாஞ்சிக்குடி ஆலையில் நெல் அவிக்க உமியை எரித்துக் கொட்டுகிற சாம்பலைத் தோணியில் ஏற்றி வந்து, சிப்பிச் சுண்ணாம்போடு சேர்த்துக் குழைத்து, தன் மகள் றஸீனாவின் வீட்டுக்குத் தரை போட்டார். அது கல்லாகிவிட்டது. ஊரே போய்ப் பார்த்தது, நான் போகவில்லை. கரண்டி பிடித்தே தலை நரைத்த மேசன் நான், நெல் வியாபாரி போட்ட தரையை ஏன் பார்க்க வேண்டும்? தம்பிட்ட ஒரு வார்த்தை கேட்டாத்தான் என்ன என்றாள் உம்மா.

கேட்காமல் நானே ஆலைக்குப் போனேன். கறுப்பாகக் கிடந்த சாம்பல்தான் பலம் என்று நினைத்து அதையே அள்ளி வந்து போட்டேன். காய்ந்திருக்கும் என்று போய்ப் பார்த்தால் ஒரு கோழி குஞ்சுகளோடு நின்று தரையைக் கிளறி இரை தேடுகிறது. உம்மா சிரித்த சிரிப்பு வாவிக்கு அப்பால் கேட்டிருக்கும். மேசன்ட ஊட்டுத் தரையக் கோழி கிளறுது கா, ஓடி வந்து பாருங்க என்று அடுத்த வீட்டையும் கூப்பிட்டாள். பிறகு எனக்குச் சொல்லாமல் தன் தம்பி அசனாரைக் கூட்டிவந்துவிட்டாள். அவர் தரையைச் சுரண்டிப் பார்த்து, மச்சான், இது எரிஞ்சு முடியாத உமி, நல்லா எரிஞ்சு வெளுத்ததத்தான் எடுக்கணும், நீங்க குழைங்க, நான் சலிச்சுத் தாறன் என்றார். பணிவாகத்தான் சொன்னார். என்னைக் கொஞ்சம் பழித்திருந்தால் சண்டை பிடித்து மனம் ஆறியிருப்பேன், அதற்கும் அவர் வழி வைக்கவில்லை.

அவர் சலிக்க நான் குழைத்து மறுபடி தரை போட்டு, ஓலையால் மூடி நாள்தோறும் நீர் தெளித்தோம். இப்போது தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்குவதில்லை. மாப்பிள்ளையின் தாய் ஆமினா உம்மா போன வெள்ளிக்கிழமை வந்து, குனிந்து தடவி, இதுவா கா அசனார் காக்காட தரை, எங்கட மகன் நல்ல இடத்திலதான் கால் வைக்கப்போறான் என்று சொல்லி, நோன்புப் பெருநாள் கழிந்த கிழமையில் கலியாணம் என்று முடித்துவிட்டார். மகன், எனக்குச் சந்தோஷம் பொங்குகிறது, கூடவே நெஞ்சும் எரிகிறது. நான் நூல் பிடித்து எழுப்பிய சுவரை அந்த மனுஷி ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நெருப்பு விறகைத் தின்பது போலப் பொறாமை நன்மையைத் தின்னும் என்று பள்ளிவாசல் லெப்பை சொல்வார். தெரியும். என்றாலும் அணையவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, துறைமுகப் பக்கம் வீணாக நிற்காதே. பெருநாளுக்கு முன்பே லீவு கேட்டு வந்துவிடு. துணி கிடைத்தால் மாமாவுக்கு உடுக்க ஒரு சாரம் வாங்கி வா, அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம், ஆனால் எனக்கு வாங்குவதைவிட நல்லதாக வேண்டாம். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் உண்ணக் குறையாத றிஸ்க்கும் தரட்டும். மறக்காதே மகன், புது வீட்டுக்குள் நீ நுழையும்போது எல்லோரும் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். குனியாதே. முதலில் சுவரைப் பார். பார்த்துவிட்டு, வாப்பா, என்ன நேராக எழுப்பியிருக்கிறீர்கள் என்று மாமாவின் காதில் விழும்படி சொல். தரையைப் பிறகு பார்க்கலாம்.

இப்படிக்கு, தன் கையாலேயே எழுதிய
உன் வாப்பா
முகைதீன்பாவா