டாக்டரிடம் காட்டாத அடிப்பெட்டி

என்னைத் தனியாகச் சண்டை போட விட்டுவிட்டுப் போன என் அன்பான ஊட்டுக்காரருக்கு,

ஏனுங்க, நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. தீரும் என்றும் தோன்றவில்லை.

போன மாதம் சமையலறை மேல்தட்டைச் சுத்தம் செய்தேன். கோதுமை மாவு டப்பாவுக்குப் பின்னால் அந்தச் சியா விதைப் பாக்கெட் பாதி மிச்சமிருந்தது. பனியன் கொள்முதலுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த பையர் உங்களுக்குப் பரிசாகக் கொடுத்தாரே, அதுதான். "நம்ம சப்ஜா மாதிரிதான் புள்ள, ஊறவெச்சுக் குடிச்சா சர்க்கரை சும்மா இறங்கும்" என்றீர்கள். நானும் பெருமையாக ஊறவைத்துக் கொடுத்தேன். என்னைச் சொல்ல வேண்டும்.

தினமும் குடித்திருந்தாலாவது ஒரு கணக்கு. இரத்தப் பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்னால்தான் உங்களுக்கு அந்த விதை நினைவு வரும். இரண்டு வேளையும் டம்ளர் நிறைய விதை, சோற்றுக்குப் பதில் சப்பாத்தி, விடிந்ததும் நல்லூர் முழுக்க நடை. ரிப்போர்ட் வந்த அன்று சாயந்திரமே ஜிலேபி. "பாஸ் ஆயிட்டேன் சரசு" என்று சட்டைப் பையைத் தட்டுவீர்கள். அது என்ன பத்தாம் வகுப்புப் பரீட்சையா?

இருபது வருடம் பனியன் கம்பெனிகளில் ஏறி இறங்கிச் சரக்கைச் சோதித்த மனுஷன் நீங்கள். நல்ல பீஸ்களை மேலே அடுக்கிவைத்துக் காட்டினால் உங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். "மேல இருக்கறது எனக்கு வேண்டாமுங்க, அடிப்பெட்டிய எடுங்க" என்பீர்கள். டாக்டருக்கு மட்டும் ஏன் மேல்பெட்டியைக் காட்டினீர்கள்? மூன்று மாதச் சர்க்கரையைச் சொல்லும் டெஸ்ட்டை அவர் எழுதிக் கொடுத்தபோது, "அதெதுக்குங்க, இதுலயே நார்மல்னு வந்திருச்சே" என்று சீட்டை மடித்து வைத்தவரும் நீங்கள்தானே?

பனியனில் தைத்த துவைப்புக் குறிப்பை ஓர் எழுத்து விடாமல் படிப்பவர், இந்தப் பாக்கெட்டின் பின்புறத்தைப் படிக்கவில்லை. நம் மகள் கவிதாதான் படித்துச் சொன்னாள். மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டுமாம். பிரவுசிங் சென்டருக்குப் போய்த் தேடியும் பார்த்தாள். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை, எதோடு சேர்ந்தாலும் கவனம் தேவையாம். முதல் இரண்டையும் தினமும் விழுங்கியவர் நீங்கள்.

பாக்கெட்டை டாக்டரிடமே கொண்டுபோய்க் காட்டினேன். "விதை விஷமில்லீங்கம்மா. அவரு குடிக்கறது எனக்குத் தெரியலீங்க. அந்த ரிப்போர்ட்ட நம்பித்தான் மாத்திரைய ஏத்தாம விட்டேன்" என்றார். எனக்கு உங்கள் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. மற்ற வாரங்களில் உங்கள் உடம்பு பட்ட பாடு யாருக்குத் தெரிந்தது? பனியன் கம்பெனியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செக்கிங் டேபிள் மேல் சாய்ந்தீர்களே, அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இன்னொரு சேதி. எனக்கும் சர்க்கரை வந்து மாத்திரை சாப்பிடுகிறேன். போன வாரம் டெஸ்ட். அதற்கு முன்னால் நானே இரண்டு ஸ்பூன் விதையை ஊறவைத்துவிட்டேன். பயமுங்க, வேறென்ன? டம்ளரை வாய்வரை கொண்டுபோனேன். நீங்கள் சட்டைப் பையைத் தட்டியது ஞாபகம் வந்தது. அழுதுகொண்டே தொட்டியில் கொட்டினேன்.

வழக்கம்போலச் சோறு தின்றுகொண்டே இருந்தேன். நீங்கள் மடித்து வைத்தீர்களே, அதே மூன்று மாத டெஸ்ட்டைத்தான் எடுத்தேன். ஏகத்துக்கும் அதிகம். டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். நம் வீட்டில் முதல் ஆளாக நான் பெயில் ஆகியிருக்கிறேன்.

இனி எந்த டெஸ்ட்டுக்கும் ஜோடித்துக்கொண்டு போக மாட்டேன். என்ன தின்றேன், என்ன குடித்தேன் என்று ஒன்று விடாமல் டாக்டரிடம் சொல்லிவிடுவேன். இது உங்கள் மேல் சத்தியம். உங்களோடு சண்டை போட நான் இன்னும் நிறைய வருடம் இருக்க வேண்டுமுங்க.

அடிப்பெட்டியைத் திறந்துவிட்ட,
உங்கள் ஊட்டுக்காரி சரசு