மஞ்சள் சிவந்த தண்ணீர்

அன்புள்ள ஏஞ்சலின் அக்காவுக்கு, அம்மா வேளாங்கண்ணி சொல்லச் சொல்லத் தம்பி ஆண்டோ எழுதுவது. இயேசுவின் இரக்கத்தால் நாங்கள் இங்கே இருக்கிறோம். "நல்லா இருக்கோம்னு எழுதுடா" என்றாள் அம்மா. மையில் பொய் எழுதினால் அழியாது என்பதால் 'இருக்கிறோம்' என்பதோடு நிறுத்திக்கொண்டேன். உங்கள் மடத்தில் போன் தரமாட்டார்கள் என்பதால்தான் இந்தக் கடிதம். பிரித்துப் படிக்கும் மதர் சுப்பீரியருக்கும் என் தோத்திரம்.

சேதி நம் கடலைக் கொல்லையைப் பற்றியது அக்கா. மேற்கு மூலையில் மண் வெள்ளையாகப் பூத்திருந்தது. அம்மா அந்த மண்ணை அள்ளி வந்து அப்பாவின் பூசை வேட்டியைத் துவைத்தாள், சோப்பே இல்லாமல் கொக்கு மாதிரி வெளுத்தது, சோப்புச் செலவு மிச்சம் என்று பக்கத்து வூட்டு நஞ்சம்மாளுக்கும் ஒரு கூடை கொடுத்தாள். அப்பா ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, "வெறும் உப்புதான், தண்ணி கட்டினா கரைஞ்சி போயிடும்" என்று போர் மோட்டாரைப் போட்டுவிட்டார். கட்டினார், கட்டினார், கோடை முழுக்கக் கட்டினார். தண்ணீர் உள்ளே இறங்காமல் குளம் மாதிரி நின்றது, செடி மஞ்சளாகிப் படுத்தது, அந்த வெள்ளை மட்டும் அடுத்த வரப்பைத் தாண்டிவிட்டது. பள்ளியில் அப்போதுதான் உப்புப் பாடம் நடந்தது. ஒவ்வொரு உப்புக்கும் அமிலம் ஒன்று, காரம் ஒன்று என அப்பா அம்மா உண்டாம். இரண்டு பேரும் வலுவென்றால் கரைசல் நடுநிலை, நம் சோற்று உப்பு மாதிரி. அமிலம் வலுவானால் அமிலப் பக்கம் சாயும், அம்மோனியம் சல்பேட் உரம் மாதிரி. காரம் வலுவானால் காரப் பக்கம், சலவை சோடா மாதிரி. "நீ யாரு பக்கம்டா?" என்று அம்மா கேட்டாள். விளக்குமாறு யார் கையில் இருக்கிறதோ அவர் பக்கம் என்றேன், கிடைத்தது.

காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், மற்ற இரண்டுக்கும் சிவக்காது. மூன்று டம்ளரில் மஞ்சள் தண்ணீர் வைத்து, வேட்டியை வெளுத்த மண் சோடா வகைதான், அது மட்டும்தான் சிவக்கும் என்று முன்கூட்டியே சொன்னேன். சோற்று உப்பு அப்படியே இருந்தது, உரமும் அப்படியே, கொல்லை மண் ரத்தமாகச் சிவந்தது. அப்பா நம்பவில்லை. "மஞ்சத் தண்ணில சுண்ணாம்பு கலந்து, ரத்தம்னு காட்டி எழிலரசி சித்திய அலற வச்சவன்தானே நீ" என்று சொல்லி, தானே மண் எடுத்து, தானே மஞ்சள் கரைத்துப் பார்த்தார். சிவந்தது. நான் அதோடு வாயை மூடியிருக்கலாம் அக்கா, தண்ணீரையும் பார்த்துவிடலாம் என்றேன். வெந்நீருக்கு வைத்து வற்றிப்போன போர் தண்ணீரில், மண்ணே போடாமல், அவரே கொஞ்சம் மஞ்சளைப் போட்டார். அதுவும் செங்கல் நிறமானது. மண்ணில் இருந்தது தண்ணீரிலும் இருந்தது. கழுவுகிறோம் என்று நினைத்து, போர் தண்ணீரோடு அந்த உப்பையும் கோடை முழுக்க ஊற்றியிருக்கிறோம். அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நாந்தான் கொன்னேனா?" என்று மட்டும் கேட்டார். நான் டம்ளர்களை எடுத்துப்போய்க் கழுவி வைத்தேன்.

ஜிப்சம் போட்டு மழைத் தண்ணீரில் கழுவினால் மண் தேறும் என்கிறார் வாத்தியார். மழைக்கு யார் தேதி சொல்வது? மோட்டார் பியூஸைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டுவிட்டார் அப்பா. ஞாயிறு பூசை முடிந்ததும் மாதவராஜ் மாமாவோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார். சாப்பிடுகிறார். என் ஜோக்குக்குத் திட்டுவதுகூட இல்லை.

குளிரில் காதை மூடிக்கொள்ளச் சொல்கிறாள் அம்மா, உன் நெற்றியில் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள்ளவும் சொல்கிறாள். முக்கியமானது: ஞாயிறுக்குள் அப்பாவுக்கு நீ ஒரு வரியாவது எழுத வேண்டுமாம். அம்மா சொன்னது அப்படியே: "சாமி மன்னிப்பாருன்னு எழுதிடாத கண்ணு. மன்னிக்கிற மாதிரி உங்கப்பா ஒண்ணும் பண்ணல. அத மட்டும் எழுது."

இப்படிக்கு,
உன் அம்மா வேளாங்கண்ணி
(எழுதியது ஆண்டோ, கடைசி வரியில் மை கலைந்தது அம்மாவால்)