எந்தக் கேஸிலும் சேராதது

அக். 5, ஞாயிறு
காலையிலிருந்து மப்பு. மழை இல்லை. துவைத்த துணி அப்படியே ஈரம்.

இன்றைய வேலை: நான் எழுதிய படகுப் புரோகிராமிலிருந்த இஃப்-எல்ஸ் குப்பையைத் தூக்கிவிட்டு, பைதான் மொழியின் மேட்ச்-கேஸுக்கு மாற்றுவது. குப்பத்துப் படகுகள் அனுப்பும் மெசேஜை அது உருவம் பார்த்துப் பிரிக்கும். படகு எண், கூட 'போறோம்': ஒரு கேஸ். எண், கூட 'வந்தாச்சு': இன்னொன்று. எண், 'உதவி', இடம் மூன்றும் சேர்ந்து இருந்தால் மட்டும் அந்த இடம் எல்லாப் படகுக்கும் போகும்.

அந்த 'மட்டும்' ஆகஸ்டில் இல்லை. அண்ணன் சோதனைக்கு அனுப்பிய இடம் ஊருக்கே போய்விட்டது. மறுநாள் அவன் வலை போடும் இடத்தில் நாலு படகு. நைனா காலத்திலிருந்து வெளியே சொல்லாத இடம். அன்றிலிருந்து என்னிடம் பேச்சு இல்லை, 'பாப்பா' என்று கூப்பிடுவதும் இல்லை. கடலுக்குப் போனாலும் மெசேஜ் அனுப்புவதில்லை. தப்பு என்னுடையதுதான்.

அக். 6, திங்கள்
பொன்னேரியில் ரயிலில் உட்கார இடம்! மீஞ்சூர் வருவதற்குள் இரண்டு கேஸ் எழுதியாச்சு. எதிர் சீட்டுக்காரர் போனில்: "வண்டிலதான் கீறேன் சார், இன்னா அவசரம்?"

சாயங்காலம் அண்ணியிடம் காட்டினேன். அண்ணிக்கு வாய் கொஞ்சம் நீளம், கண் அதைவிட.

"எதுலயும் சேரலன்னா இன்னா பண்ணும்?"

பைதான் சத்தம் போடாமல் விட்டுவிடும் என்றேன்.

"விட்டுடுமா? அது யாரு விடறதுக்கு? எனக்கு அடிக்கச் சொல்லு."

எரிச்சல். வாயை அடைக்கவே கடைசியாக கேஸ் அண்டர்ஸ்கோர் போட்டேன். மிச்சம் எது வந்தாலும் அண்ணி போனில் மணி.

அக். 8, புதன்
கேஸ் சிலிண்டர் புக் பண்ண மறந்தேன், அண்ணியிடம் திட்டு. நான் உள்ளே வந்ததும் அண்ணன் பாதிச் சோற்றில் எழுந்து போனான்.

அக். 9, வியாழன்
வீட்டிலிருந்து வேலை. ஒன்பது மணிக்கு வாடைக் காற்று பலமாக இறங்கியது. படகெல்லாம் திரும்பிவிட்டன, அண்ணனுடையது தவிர. போன் எடுக்கவில்லை.

10.40. அண்ணி போனில் மணி. அண்ணனிடமிருந்து வந்தது ஒரு போட்டோ. படகு எண் இல்லை, சொல் இல்லை, இடமும் இல்லை. உடைந்த மோட்டார் விசிறி, ஓரத்தில் கலங்கிய தண்ணீர், தூரத்தில் சவுக்குத் தோப்பு.

அண்ணி பெரிதாக்கிப் பார்த்தாள். "கலங்கல் தண்ணி, சவுக்குத் தோப்பு. முகத்துவாரத்துக்கு வடக்க. உங்க அண்ணன் மணல்மேட்டுப் பக்கம் அடிச்சிக்கினு போறாரு. மாரி அண்ணனைக் கூப்புடு."

மாரி அண்ணன் உடனே படகை இறக்கினார். ஆகஸ்டில் அண்ணன் இடத்தில் வலை போட்ட நாலு பேரில் அவரும் ஒருவர். பன்னிரண்டு மணிக்குக் கயிறு கட்டி இழுத்து வந்துவிட்டார். அண்ணனுக்கு உள்ளங்கை தோல் உரிந்திருக்கிறது, வேறொன்றும் இல்லை.

நன்றி:
கங்கம்மா தாய்
மாரி அண்ணன்
அண்ணி, அண்ணி, அண்ணி

அந்தக் கடைசிக் கேஸ் இல்லாவிட்டால் போட்டோ சத்தமில்லாமல் போயிருக்கும்.

ஏன் இடம் அனுப்பவில்லை என்று அண்ணி கேட்டாளாம். அனுப்பினா ஊருக்கே போவும் என்றானாம். உயிர் போகிற நேரத்திலும் அந்தப் பயம். நான் கொடுத்த பயம்.

அக். 11, சனி
வெயில். துணி காய்ந்தது. புது விசிறி மாட்டி அண்ணன் விடியலிலேயே போனான்.

7.20. அண்ணி மாவுக் கையோடு ஓடி வந்தாள், போனில் மணி அடித்துக்கொண்டே. எனக்கு உயிரே இல்லை. திறந்தால் ஓர் இடம். எண் இல்லை, 'உதவி' இல்லை, இடம் மட்டும். எந்தக் கேஸிலும் சேராமல் அண்ணியிடம் வந்திருக்கிறது.

அண்ணி மாவுக் கையைத் துடைப்பதற்குள் அடுத்தது:

"பயப்படாத பாப்பா. வலை போடற எடம். நீ தெரிஞ்சி வெச்சிக்க."

வேறு ஒரு படகுக்கும் போகவில்லை. மூன்று தடவை பார்த்துவிட்டேன்.