தோளில் நீளமாக ஏதோ ஒன்று

அக்டோபர் 6, 2025, திங்கள்

கண் எரிகிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் நைனா வழக்கம்போல, "இன்னிக்கி எத்தினி பெட்டிம்மா போட்ட?" என்றார். நான் ஏதோ பார்சல் ஆபீசில் அட்டைப்பெட்டி கட்டுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். ஊரிலும் அப்படியே சொல்லி வைத்திருக்கிறார். திருத்த எனக்குத் தெம்பில்லை. கம்ப்யூட்டர் படத்தில் தெரிவதைச் சுற்றிப் பெட்டிபோலக் கோடு இழுத்து, அது என்ன என்று குறிக்க வேண்டும், அதைப் பார்த்து மெஷின் கற்றுக்கொள்ளும் - இதை அவருக்கு எந்த பாஷையில் சொல்வது?

இன்று புது வேலை வந்திருக்கிறது. இதுவரை மாடு, ஆட்டோ, சாலைப் பள்ளம். இனிமேல் ட்ரோன் மேலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள், அவற்றில் தெரியும் ஆளிடம் இருப்பது என்ன என்று குறிக்க வேண்டும். எந்த நாடு, யாருக்காக, ஒன்றும் சொல்லவில்லை. மூன்று பட்டன்கள்: ஆயுதம், கருவி, தெரியவில்லை.

அக்டோபர் 8

சூப்பர்வைசர் ராஜகோபால் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினார். "மெஷினுக்குக் கோவம் வராதுங்க. பயம் வராது. பயந்தவன்தான் கண்டபடி சுடுவான். இது ஆளைப் பார்த்துத்தான் சொல்லும். இனிமே சண்டையில சாவு கொறையும், நம்ம பசங்க முன்னால போய் நிக்க வேணாம்."

தம்பி இளம்பரிதியை நினைத்துக்கொண்டேன். எல்லையில் நிற்கிறான். அவனுக்கு முன்னால் ஒரு மெஷின் போய் நிற்குமானால், அந்த மெஷின் பேரில் மலையேறி அர்ச்சனை செய்யவும் நான் தயார்.

மெஷினுக்கு அலுப்பும் கிடையாதாம். அதற்குப் பாடம் எடுக்கும் எனக்கு இருக்கிறதே.

அக்டோபர் 13

திட்டு. எனக்கு மட்டுமில்லை, மொத்த அறைக்கும். எங்கள் ஆபீசிலிருந்து போகும் படங்களில் 'கருவி' அளவுக்கு மீறி இருக்கிறதாம். "தோள்ல நீளமா எது இருந்தாலும் உங்களுக்கு மம்பட்டியாங்க?" என்றார் ராஜகோபால்.

பக்கத்து சீட்டு தேவிப்பிரியாவுக்கு வாய் சும்மா இருக்காது. "காலங்காத்தால வரப்பு மேல ஒருத்தன் தனியா போறான். வேற என்னா சார் எடுத்துகினு போவான்?"

எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்துவிட்டார், அவருக்கும் பள்ளிப்பட்டுப் பக்கம் நிலம் இருக்கிறது. பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு புது விதியைப் படித்தார். சந்தேகம் வந்தால் ஆயுதம். 'தெரியவில்லை' அடிக்கடி போடக்கூடாது.

அக்டோபர் 15

தோளில் நீளமாக ஏதோ ஒன்று. முனையில் சற்றுத் தடிமன். நடக்கிறான். காலடியில் இருப்பது வரப்பா, ரோடா?

மம்பட்டி என்று போட்டு அது துப்பாக்கியாக இருந்தால், நாளைக்கு இதே மெஷின் இளம்பரிதியிடம் ஒன்றுமில்லை, வா என்று சொல்லும். துப்பாக்கி என்று போட்டு அது மம்பட்டியாக இருந்தால் - அவன் யாரோ ஒருத்தியின் நைனா.

யாரைக் காப்பாத்தறது? இதைச் சொல்ல நான் யாரு? சம்பளத்துக்குக் கோடு இழுக்கிறவ.

ஆயுதம் என்று போட்டேன்.

அக்டோபர் 16

ஆயுதம். ஆயுதம். ஆயுதம்.

அக்டோபர் 20, தீபாவளி

இளம்பரிதி லீவில் வந்திருக்கிறான். இளைத்துவிட்டான். பட்டாசு வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டான். நைனா மட்டும் சாமிக்கு என்று ஒரு சரத்தைத் தெருக்கோடியில் கொளுத்திவிட்டு வந்தார்.

வேலையைப் பற்றி அவனிடம் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். "நல்ல வேலைக்கா. என் கூட இருந்தவன் முன்னால போயித்தான் காலை விட்டான். அப்ப ஒரு மெஷின் போயிருந்தா அவன் இன்னிக்கி நடந்துகினு இருப்பான். சண்டை வேணாம்னு நான் சொல்ல முடியாது. சாவு கொறஞ்சா போதும்."

அவன் சொல்வது தப்பா? தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் தோளில் எதையோ சுமந்து நடந்த அந்த ஆளை மறக்க முடியவில்லை.

அக்டோபர் 23

நேற்றெல்லாம் மழை, வயலில் தண்ணீர் நின்றுவிட்டது. தேவிப்பிரியாவின் வீட்டுக்காரர் கல்யாண வீடியோ எடுப்பவர், ட்ரோன் வைத்திருக்கிறார். விடிந்ததும் அவரைக் கூட்டிவந்தேன். நைனா மடை வெட்டிவிடப் போய்க்கொண்டிருந்தார். மேலே சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்து, கல்யாண வீட்டுக்காரர்போல நின்று போஸ் கொடுத்தார். "நீ பாட்டுக்கு நட நைனா" என்று கத்தினேன்.

போனிலேயே படங்களைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிக்கொண்டேன்.

அக்டோபர் 24

தம்பியிடம் ஒரு படத்தைக் காட்டி, இது என்ன என்று கேட்டேன்.

"ரைபிள்" என்றான். யோசிக்கவே இல்லை.

"நல்லாப் பாரு."

"ரைபிள்தாங்கா. எத்தினி பார்த்திருக்கேன். எங்க எடுத்தது?"

நான் அடுத்த படத்தைத் தள்ளினேன். அதே ஆள் குனிந்து மண்ணை வெட்டுகிறார். பக்கத்தில் நம் மோட்டார் கொட்டகை.

போனைப் பிடுங்கிக்கொண்டான். முன்னும் பின்னும் தள்ளித் தள்ளிப் பார்த்தான். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. காட்டியிருக்கவே கூடாதோ?

"கொஞ்ச நேரம் பொறுத்தா குனிவாருடா" என்றேன்.

"அந்தக் கொஞ்ச நேரம் எங்களுக்கு இருக்காதுக்கா."

அக்டோபர் 27, சஷ்டி

மற்ற முருகன் கோயில்களில் இன்று சூரசம்ஹாரம். நம் மலையில் அது கிடையாது. சண்டை முடிந்து சாமி கோபம் தணிந்து வந்து உட்கார்ந்த இடமாயிற்றே, இங்கே பூ மட்டும்தான். தம்பி ஒரு கூடை பூ வாங்கிக் கொடுத்தான். நெரிசலில் அவன் என்ன வேண்டிக்கொண்டான் என்று கேட்கவில்லை.

சாயங்காலம் ரயில். கிளம்பும்போது நைனாவிடம், "மம்பட்டிய தோள்ல போடாத நைனா. கையில தொங்கவிட்டுகினு போ" என்றான்.

"ஏன்டா, தோளுக்கு என்னா வந்துச்சி?"

"சொன்னா கேளேன்" என்று கத்தினான். இத்தனை வருஷத்தில் அவரிடம் அவன் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. பிறகு காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

நவம்பர் 4

ஒரு வாரமாகத் தெரியாததையெல்லாம் 'தெரியவில்லை' என்றே போட்டேன். இன்று ராஜகோபால் கூப்பிட்டார். கோபம் இல்லை, அவருக்கும் சலிப்புதான். "நீங்க பழையபடி மாட்டுக்கே போயிடுங்க மேடம். உங்களால என் தலை உருளுது."

சரி என்று எழுந்து வந்தேன். பெரிதாக எதையும் சாதித்துவிடவில்லை. என் பங்குப் படங்கள் இப்போது தேவிப்பிரியாவின் திரையில். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், அவள் விதிப்படிதான் போடுவாள். நான் அவளிடம் என்ன சொல்ல?

நவம்பர் 12

மாடு. மாடு. ஆட்டோ. மாடு.

நவம்பர் 21

இளம்பரிதி போன் செய்தான். மழை எப்படி, நைனா மாத்திரை போடுகிறாரா என்று எல்லாம் கேட்டான். வைக்கப்போகும் நேரத்தில், "நேத்து ஒருத்தன் குனிஞ்சாங்கா" என்றான்.

"மெஷின் என்னா சொல்லுச்சி?"

"செகப்புப் பெட்டி போட்டுச்சி. ஆயுதம்னு."

"நீங்க?"

"பொறுத்துகினு இருந்தோம். வேற எதுவும் கேக்காத."

லைன் போய்விட்டது. அந்தச் சிவப்புப் பெட்டியை மெஷினுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? நானாகவும் இருக்கலாம்.

வாசலுக்கு வந்தேன். நைனா வயலிலிருந்து வந்தார். முணுமுணுத்துக்கொண்டே வந்தாலும் மம்பட்டி கையில்தான் தொங்கியது.

"இன்னிக்கிப் பெட்டியெல்லாம் போட்டாச்சா?" என்றார்.

ஆங் என்றேன்.