வாசலில் நிற்கும் செர்ரி மரம்

22 ஏப்ரல் 2006, சனி

வெம்பிளியில் அக்கா வீட்டுக்கு இன்றைக்குப் போனது என் பிழைதான். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. கியோட்டோவுக்குப் போய்வந்த படங்களைக் காட்டத்தான் அத்தான் கூப்பிட்டிருந்தார். தொலைக்காட்சி முழுக்கச் செர்ரிப் பூ. எல்லாப் படத்திலும் பூவை மறைத்துக்கொண்டு அத்தான்.

"காலமையிலையிருந்து பின்னேரம் மட்டும் ஒரு மரத்துக்குக் கீழை சும்மா இருந்தனான், பிள்ளை. பூ தலையிலை விழ விழ மனம் லேசாகுது. இங்கை இருக்கிற எங்கடை சனத்துக்கு உந்த ரசனை வராது" என்றார். நான் வடையை மென்றபடி தலையாட்டினேன்.

அக்கா தேத்தண்ணியோடு வந்தாள். "சொல்ல மறந்துபோனன். நேற்றுக் கவுன்சிலிலை இருந்து போன் எடுத்தவை. வாசல் மரத்தை வெட்ட ஏலாதாம்."

"ஏன் ஏலாது? பூக் கொட்டிக் கொட்டிக் காரெல்லாம் குப்பை. திங்கட்கிழமை நான் கதைக்கிறன்" என்றார் அத்தான். படத்தில் அவர் தலை நிறையப் பூவோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

வாசலில் நிற்பதும் செர்ரி மரம்தான். திரும்பி வரும்போது என் தோளிலும் கொஞ்சம் கொட்டியது. பிளேன் ஏறாமல் பார்க்கக் கிடைப்பதுதான் அது செய்த குற்றம்.