கம்பளத்தைப் பிடுங்கிய மகாராஜாவுக்கு

கிளைவ்,

பதினோரு மணிக்குக் கட்டடச் சொந்தக்காரரோட ஆள் நம்ம தரையைப் பார்க்க வர்றார். டீயும் பிஸ்கட்டும் கொடு. நேத்து என்கிட்ட "என் வீடு, என் இஷ்டம்"னு கத்தின மாதிரி அவர்கிட்டயும் கத்திடாதே, ராசா.

குத்தகைப் பத்திரத்தை முழுசாப் படிச்சுட்டேன். தொண்ணூத்தொம்பது வருஷம் இங்கே வாழ நமக்கு உரிமை உண்டு. ஆனா கேக்காம கம்பளத்தை எடுத்துட்டு மரத்தரை போட உரிமை இல்லே. தப்புதான்னு ஒத்துக்கோ. அப்புறம் படுக்கையறையில ஒழுகுற கூரையைக் காட்டு. அதைச் சரிபண்றது அவங்க பொறுப்பு, பதினாலாம் பக்கம்.

ஹேசல்

பி.கு. அனுமதி கேட்டு எழுதின கடிதம் மேசை மேல இருக்கு. என் பேருக்குக் கீழே கையெழுத்துப் போடு.

இன்னொண்ணு: தரை அழகாத்தான் இருக்கு. நேத்துக் கோபத்துல அதைச் சொல்லாம விட்டுட்டேன். ஷூவைக் கழட்டிட்டு நட, மரத்தரைச் சத்தம் இல்லாம கீழ்வீட்டு வினிஃப்ரெட் தூங்கட்டும்.