ஹேமாவின் ஆந்திரா சிம்

ஜூலை 4, சனி

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. துணி காயவில்லை. அங்கன்வாடிக்கு முட்டை வந்தது, மூன்று உடைசல். நாள் முழுக்கத் தெலுங்கில் ரிஜிஸ்டர் எழுதிக் கை நோகிறது. இந்த டைரியிலாவது தமிழ்.

பதினோரு மணிக்குத் திருப்பதியிலிருந்து போன். நாத்தனார் தனம். நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை.

"நாளைக்கு ஹேமாவ இட்டுக்கினு வா கோமளா. அவளுக்கு செல்போன் வாங்கணும். தம்பி சொல்லிட்டான்."

தம்பி என்றால் என் வீட்டுக்காரர். குவைத்தில் டிரைவர். இனி போகமாட்டேன் என்று குழந்தை தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு ஏப்ரலில் மறுபடி பிளேன் ஏறினவர். போனா என்கிட்ட பேசாத என்றேன். ஆயுசுக்கும் என் பேச்சைக் கேட்காத மனுஷன் இதை மட்டும் அட்சரம் பிசகாமல் கேட்கிறார். மூன்று மாதம். ஒரு போன் இல்லை. எல்லாம் அக்கா வழியாக.

பதினோரு வயசுப் பெண்ணுக்கு எதற்கு அண்ணி போன் என்றேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

"ஹேமாவ என் வூட்ல வெச்சி இங்கிலீஷ் மீடியம் படிக்க வெக்கலாம்னு பேச்சு. தம்பி அவளாண்டயே கேக்கணுங்கிறான். வரேன்னா இட்டுக்கினு வரோம். மாட்டேன்னா உட்டுடறோம். நடுவுல நீ வேணாம்."

நடுவில் நான் வேண்டாமாம். பெற்றது யார், இவள் தம்பியா?

போன் வாங்க வேண்டும் என்று எனக்கும்தான் இருந்தது. நகரி பள்ளிக்கூடத்திலிருந்து பஸ் லேட்டானால் ரோட்டில் நின்று சாகிறேன். எனக்குத் தெரிந்து அவளுக்கு வேண்டியது: டார்ச். மூன்று நாள் நிற்கிற சார்ஜ். கீழே விழுந்தாலும் உடையாத உடம்பு. கேமரா, பாட்டு, இரண்டும் கூடாது.

ஜூலை 5, ஞாயிறு

திருப்பதி போய் வந்தேன். பஸ் முழுக்க மொட்டைத் தலைகள், சந்தன வாசனை. கால் நீட்ட இடமில்லை.

கடையில் நாத்தனார் ராஜாங்கம். கண்ணாடி மேஜை மேல் முழங்கையை ஊன்றி எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னாள். நான் டார்ச் போனைக் கையில் எடுத்தேன்.

"ஐயே! அது மாடு மேய்க்கறவனுங்க வெச்சிக்கினு திரியறது. கீழ வை."

அவள் எடுத்தது ரோஸ் கலர். மூடித் திறக்கிற மாதிரி. கேமரா, பாட்டு, எஃப்எம். ஹேமாவை யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. அவள் ஓர் ஓரத்தில் காட்சிக்கு வைத்திருந்த ஒரு போனின் நம்பர் பட்டன்களை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நைனாவின் குவைத் நம்பர். மனப்பாடம்.

நான் மறுபடி சார்ஜ் பற்றி ஆரம்பித்தேன். நாத்தனார் கடைக்காரரைப் பார்த்துத் தெலுங்கில், "மா மரதலிகி ஏமி தெலீது லெண்டி" என்று சிரித்தாள். எனக்கு ஒன்றும் தெரியாதாம். எனக்குத் தெலுங்கு புரியாதென்று நினைப்பா, புரியட்டும் என்றே சொன்னாளா? இரண்டாவதுதான். கடைக்காரரும் சிரித்தார். ஹேமா தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு கடைக்காரர் சிம் எது என்று கேட்டார்.

"ஆந்திராதே. இங்கேமிடி?" என்றாள் நாத்தனார். ஆந்திராதான், வேறென்ன என்று.

சொல்ல வாயைத் திறந்தேன். எங்கள் வீடு ஆந்திராவில். ஆனால் இரண்டு வயல் தாண்டினால் தமிழ்நாடு, டவரும் அங்கேதான். வீட்டில் ஆந்திரா சிம் போட்டால் ரோமிங். வருகிற போனை எடுத்தாலே பாலன்ஸ் போகும். அது தீர்ந்தால் பேச்சு பாதியில் அறுந்துவிடும், பிறகு மிஸ்டு கால்கூட விட முடியாது. போன வருஷம் நானே இதில் மாட்டி, திருத்தணி போய்த் தமிழ்நாடு சிம் வாங்கினேன். எங்கள் பக்கம் போன் வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும்.

வாயை மூடிக்கொண்டேன். எனக்குத்தான் ஒன்றும் தெரியாதே.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை 7, செவ்வாய்

வெயில். கிணற்று மோட்டார் மறுபடி தகராறு.

ஹேமா போனைப் பள்ளிக்கூடத்தில் அணைத்துப் பைக்கு அடியில் வைக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் கை கால்கூடக் கழுவாமல் அதைத் திறக்கிறாள். ஏழு மணிக்குக் குவைத்துக்கு ஒரு மிஸ்டு கால். உடனே அவர் கூப்பிடுகிறார். எனக்கு மூன்று மாதமாக அடிக்காத போன், இவளுக்கு மூன்று நிமிஷத்தில் அடிக்கிறது.

"துன்னேன் நைனா... தோசை... ம்ம்... இங்கதான் கீறாங்க."

இங்கேதான் இருக்கிறாங்க என்றால் நான். சுவரில் பல்லி இருக்கிறது என்பது போல. குடுக்கட்டுமா என்று கேட்டாள். அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, பேச்சை மாற்றிவிட்டாள்.

ஆறாவது நிமிஷம் கட்.

"அம்மா, பாலன்ஸே இல்லன்னு வருதும்மா. அத்த நேத்து தான போட்டுச்சி?"

"உங்க அத்த செலக்ஷன் அப்டிதான். நான் சொன்ன போன வாங்கியிருந்தா இந்தத் தொல்ல உண்டா?"

இதை எழுதும்போதுகூடச் சிரிப்பு வருகிறது. பொய் சொன்னேன் என்று தெரிகிறது. சிரிப்பும் வருகிறது.

ஜூலை 9, வியாழன்

நாத்தனார் மறுபடி பாலன்ஸ் ஏற்றிவிட்டாள். மறுபடி தீர்ந்தது. என்னைக் கூப்பிட்டுக் கத்தல்.

"இன்னாமே பண்ற அந்தப் போன்ல? நீ ஊருக்கெல்லாம் பேசிக்கினு கீறியா?"

"நான் தொடறதே இல்ல அண்ணி. எனக்கு தான் ஒண்ணும் தெரியாதே."

இரண்டு விநாடி சத்தமே இல்லை. அந்த இரண்டு விநாடிக்கு ஒரு சேலை விலை கொடுக்கலாம்.

வாங்க வேண்டியது: சீயக்காய், ஹேமாவுக்கு ரப்பர் பேண்டு, எறும்பு மருந்து.

ஜூலை 12, ஞாயிறு

கொஞ்சம் தூறல்.

ஹேமாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். திரும்பாமலே கேட்டாள்.

"நான் அத்த வூட்டுக்குப் போய்ட்டா நீ இன்னாம்மா பண்ணுவ?"

"நிம்மதியா தூங்குவேன்."

ஏன் அப்படிச் சொன்னேன்? போகாதடி என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? அவளும் அந்த வீட்டு ரத்தம்தானே என்று ஒரு ஆங்காரம். அழட்டும் என்று பார்த்தேன். அழவில்லை. பின்னல் இழுத்து வலித்திருக்கும், அதற்கும் சத்தம் போடவில்லை.

மதியம் கருவாட்டுக் குழம்பு. அவளுக்குப் பிடிக்கும் என்றுதான் வைத்தேன். அதைச் சொல்லவும் இல்லை.

ஜூலை 14, செவ்வாய்

எழுத வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

நாத்தனார் நேற்று மறுபடி பாலன்ஸ் போட்டிருந்தாள். ஏழேகால். குவைத் போன். நான் அடுப்படியில். காது முழுக்க அங்கே.

"ம்ம்... அத்த சொன்னாங்க நைனா... எனக்கா? நானே சொல்லணுமா?"

நின்றுவிட்டேன். இன்றைக்குத்தான் கேட்கிறார்.

"நைனா, நான்..."

பிறகு ஒன்றும் இல்லை. ஹலோ ஹலோ என்கிறாள். போனை உதறுகிறாள். ஓடி வெளியே போய் மாட்டுக் கொட்டகைப் பக்கம் தூக்கிப் பிடிக்கிறாள். திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"பூட்ச்சிம்மா. சொல்ல வந்தேன், பூட்ச்சி."

"இன்னாடி சொல்ல வந்த?" என்றேன்.

"போமாட்டேன்னு தான். வேற இன்னா சொல்லுவேன்?"

நான் தூங்குவேன் என்று சொன்ன பிறகும். அத்தை அந்த ரோஸ் போனை வாங்கிக் கொடுத்த பிறகும். பாவி நான்.

என் போனைக் கொடுத்தேன். மிஸ்டு கால் விட்டாள். திரும்ப வரவில்லை. மறுபடி. மறுபடி. ஏழு தடவை. கடைசியில் இருக்கிற பாலன்ஸில் நேராகவே போட்டாள். ரிங் போனது. கட் செய்தார். என் நம்பர் அல்லவா. பேசாதே என்று சொன்னது நானல்லவா. அடுத்த தடவை போட்டபோது ஸ்விட்ச் ஆஃப்.

ஹேமா சாப்பிடவில்லை. நானும்.

ஜூலை 15, புதன்

அங்கன்வாடியில் இருந்தபோது நாத்தனார். குழந்தைகள் கத்தலில் பாதி கேட்கவில்லை, கேட்ட பாதியே போதும்.

"பதில் சொல்றதுக்குள்ள கொழந்த கைல இருந்து போன புடுங்கினியாமே? உன் போன்ல இருந்து வேற விடாம அடிச்சியாம், சண்டைக்கு. தம்பி முடிவு பண்ணிட்டான். சனிக்கெழம கார் எடுத்துக்கினு வரோம். டிசி வாங்கணும்."

"புடுங்கல அண்ணி. அதுவா கட்டாச்சி. ஹேமா வரமாட்டேன்னு சொல்றா."

"நீ சொல்றத யார் கேட்டா? அவ சொல்லட்டும், அவ போன்ல, அவ நைனாகிட்ட."

புடுங்கல என்றேன். பச்சைப் பொய்யில்லை. நிஜமும் இல்லை. அப்போதே சொல்லியிருக்கலாம்: அண்ணி, அது ரோமிங், எனக்குக் கடையிலேயே தெரியும் என்று. அவளிடம் தோற்பதை விட நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஹேமாவை அத்தையிடமாவது சொல்லச் சொன்னேன். நைனாவிடம்தான் சொல்வேன் என்கிறாள். பிடிவாதம் யாரிடம் கற்றாள் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

ஆந்திரா சிம்முக்கு ரீசார்ஜ் நகரியில்தான். நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும்.

ஜூலை 16, வியாழன்

வரிசையாக எழுதுகிறேன்.

நாலரைக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். ஹேமா என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த வருஷத்தில் முதல் தடவை. "இன்னைக்கி சொல்லிடறேம்மா. மொதல்லயே சொல்லிடறேன், ஹலோகூட சொல்லாம." சிரித்தாள். வாங்கித் தந்த மிக்சரில் பாதியை எனக்குக் கொடுத்தாள்.

பஸ் ஸ்டாண்டு ரீசார்ஜ் கடை. போன வருஷம் நான் போன அதே கடை. அதை யோசிக்கவே இல்லை, மூளை அவ்வளவு.

கடைக்காரர் நம்பரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, அங்கன்வாடி டீச்சர் தான நீங்க? உங்க ஊர்ல இந்த சிம் ரோமிங் ஆச்சே. வர்ற போனுக்கும் காசு பூடுமே. பாப்பாவுக்குப் போய் இத வாங்கிக் குடுத்துகிறீங்க?"

"திருப்பதில வாங்கினாங்க," என்றேன்.

"அவங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியாதா? போன வருஷம் இங்கயே நின்னு எவ்ளோ சண்ட போட்டீங்க! நான் தான திருத்தணி போய் வாங்குங்கன்னு சொன்னேன்."

நல்ல மனுஷர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஹேமா மிக்சரைக் கீழே வைத்தாள்.

"உனுக்குத் தெரியுமாம்மா?"

கையிலிருந்த சில்லறையை எண்ணினேன்.

"கடையில சிம் வாங்கும்போதே தெரியுமா? அன்னிக்கி கட்டாவும்னு?"

"அவ என்ன எப்டி பேசினா, நீயும் பாத்துக்கினு தான இருந்த," என்றேன். மன்னிச்சிடு என்று சொல்ல வேண்டிய இடத்தில் இதைச் சொன்னேன். இதைத்தான் சொன்னேன்.

"நான் அத்தைய கேக்கல. உன்ன கேக்கறேன்."

பாலன்ஸ் ஏறிவிட்டது. அவள் மிஸ்டு கால் விட்டாள். உடனே போன் அடித்தது. பஸ் ஸ்டாண்டு இரைச்சல், நான் இரண்டடி தூரம். ஹலோகூடச் சொல்லவில்லை, சொன்னபடியே.

"நைனா, நான் போறேன். அத்த வூட்டுக்கு. சனிக்கெழம வரச் சொல்லு."

பிறகு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்ல. அம்மா ஒண்ணும் புடுங்கல."

காட்டிக் கொடுக்கவும் இல்லை என் பெண்.

ஜூலை 17, வெள்ளி

வெயில். முட்டை வரவில்லை. ஹேமாவின் துணியெல்லாம் துவைத்துப் போட்டேன், மாலைக்குள் காய்ந்தது. அவள் அடுக்குகிறாள். என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, சிவப்பு ரிப்பன் எங்கே என்று.

ஆறு மணிக்கு நாத்தனார். கார் காலை பத்துக்கு வருமாம். குரலில் தேன்.

"அந்தப் போன்ல என்னமோ கோளாறுன்னு ஹேமா சொன்னாளே, வேற சிம் வாங்கட்டுமா கோமளா? உனுக்கு எதனா தெரியுமா?"

"வேணாம் அண்ணி. திருப்பதில இது நல்லா எடுக்கும்."